தரம் என்ற சொல்லும் எலும்புக் கட்டியும்

பள்ளிக்கூடத்தில் தரம் கூடக் கூடப் பிள்ளை வளர்கிறது என்று அர்த்தம். தரம் 5 இல் புலமைப்பரிசில், தரம் 11 இல் சாதாரண தரப் பரீட்சை என்று ஏணிப்படி போல எண்ணிப் பழகியவர்கள் நாங்கள். கடையில் ‘முதலாம் தரம்’ என்றால் நல்ல சரக்கு. வைத்திய அறிக்கையில் இதே சொல் வரும்போது, பள்ளிக்கூடத்துப் பழக்கமும் கடைப் பழக்கமும் எங்களைத் தவறான பக்கம் கொண்டுபோய் விடக்கூடும். எலும்புக் கட்டி பற்றிய அறிக்கை என்றால் இந்தக் குழப்பம் இன்னும் கூட.

நான் வைத்தியன் அல்ல. தமிழ் சிறப்புப் பட்டம் படித்துவிட்டுத் தீவுப்பகுதியில் படிப்பிக்கின்ற ஒரு வாத்தியார். ஆனால் ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் ஆங்கிலத்தில் ஒரு கடதாசி வந்தால் அது முதலில் ஆசிரியர்மாரின் கைக்குத்தான் வரும். “சேர், இதில என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ” என்று கேட்பவரிடம் ‘எனக்குத் தெரியாது’ என்று மட்டும் சொல்லி அனுப்ப மனம் வராது. ஒரு மாணவனின் முழங்கால் பற்றிய அறிக்கையை அவனுடைய வாப்பா கொண்டுவந்து நீட்டிய நாளுக்குப் பிறகு, இந்த விடயத்தைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசித்து விளங்கிக்கொண்டதை எங்கள் சமூகத்து வாசகர்களுக்கு எங்கள் சொற்களிலேயே சொல்வதுதான் இக்கட்டுரையின் நோக்கம். சிகிச்சை பற்றிய முடிவு வைத்தியருடையது. அவர் சொல்வதை விளங்கிக்கொண்டு கேள்வி கேட்பது எங்களுடைய பொறுப்பு.

கட்டியும் புற்றும்

தமிழில் ‘புற்று’ என்ற சொல் கறையான் புற்றிலிருந்து வந்தது. அரபு மொழியில் இந்நோய்க்குப் பெயர் ‘ஸரதான்’, அதாவது நண்டு. கிரேக்கரும் நண்டின் பெயரையே வைத்தார்கள். ஒன்று மண்ணைத் துளைத்து உள்ளே பரவுவதையும் மற்றது காலை அகட்டிப் பிடித்துக்கொள்வதையும் காட்டுகிறது. இரண்டும் பொருத்தமான உவமைகளே. ஆனால் எல்லாக் கட்டியும் புற்று அல்ல. கட்டி என்பது பொதுச்சொல். எலும்பில் வரும் கட்டிகளில் தீங்கற்றவை உண்டு, அந்த இடத்தை மட்டும் அரித்துத் தின்னும் இடைப்பட்டவை உண்டு, மற்ற உறுப்புகளுக்குப் பரவுகின்ற புற்றுகளும் உண்டு.

இந்த நோய் இன்றைய உணவாலோ கைத்தொலைபேசியாலோ வந்தது என்று சொல்வோருக்கு ஒரு தகவல். தென்னாபிரிக்காவின் சுவார்ட்கிரான்ஸ் குகையில் கிடைத்த, ஏறத்தாழ 17 இலட்சம் ஆண்டுகள் பழைமையான ஒரு பாத எலும்பில் எலும்புப் புற்று இருந்ததை ஆய்வாளர்கள் 2016 இல் அறிவித்தார்கள்.

இன்னொரு பிரிப்பையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவரின் எலும்பில் காணப்படும் புற்று பெரும்பாலும் எலும்பிலேயே பிறந்ததல்ல. மார்பகம், நுரையீரல், சிறுநீரகம், தைரொயிட், புரஸ்டேட் ஆகியவற்றில் தொடங்கி எலும்புக்கு வந்து சேர்ந்தது. எலும்பிலேயே பிறக்கும் புற்று மிக அரிது. எல்லாப் புற்றுநோய்களிலும் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அவற்றுள் முதன்மையானது ஒஸ்டியோசார்கோமா. பத்து இலட்சம் பேரில் ஆண்டுக்கு மூன்று நான்கு பேருக்கு வருவது. ஆனால் அது தேடிப் பிடிப்பது பெரும்பாலும் பத்து முதல் இருபது வயதுப் பிள்ளைகளை, அதுவும் வேகமாக வளர்கின்ற முழங்காலைச் சுற்றிய எலும்புகளை. அரிதான நோய்தான், ஆனால் ஆசிரியர்களும் பெற்றோரும் தெரிந்திருக்க வேண்டிய நோய்.

தரம் எப்படி இடப்படுகிறது

கட்டியிலிருந்து எடுத்த சிறு துண்டை மெல்லிய சீவலாக்கி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் நோயியல் நிபுணர் பார்க்கிறார். அவர் பார்ப்பது நான்கு விடயங்கள். கலங்கள் இயல்பான கலங்களைப் போல இருக்கின்றனவா, அல்லது ஒன்றுக்கொன்று பொருத்தமில்லாமல் உருக்கெட்டுக் கிடக்கின்றனவா? எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன? எத்தனை கலங்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன? இடையிலே செத்துப்போன பகுதி உண்டா? தாய் இழையத்தின் சாயல் மாறாமல் மெதுவாக வளர்வது தாழ்ந்த தரம். சாயலே தெரியாமல் வேகமாகப் பெருகுவது உயர்ந்த தரம். ஆகவே இங்கே தரம் கூடினால் நோயின் மூர்க்கம் கூடுகிறது. தாழ்ந்த தரம் என்றால்தான் ஆறுதல்.

எல்லா எலும்புக் கட்டிக்கும் 1, 2, 3 என்று இலக்கம் போடுவதில்லை. சிலவற்றில் பெயரே தரத்தைச் சொல்லிவிடும். வழமையான ஒஸ்டியோசார்கோமாவும் யூவிங் சார்கோமாவும் எப்போதும் உயர்ந்த தரமே. எலும்பின் மேற்பரப்பில் ஒட்டி வளரும் பரொஸ்டியல் ஒஸ்டியோசார்கோமா பெரும்பாலும் தாழ்ந்த தரம். ஆகவே ‘ஒஸ்டியோசார்கோமா’ என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டுவிட்டு எல்லாம் ஒன்று என்று எண்ணக் கூடாது. பரொஸ்டியல் வகைக்குப் பெரும்பாலும் சத்திரசிகிச்சை மட்டுமே போதும். வழமையான வகைக்குக் கீமோவும் வேண்டும்.

இலக்கத்தின் முழுப் பெறுமதியும் தெரிவது கசியிழையப் புற்றான கொண்ட்ரோசார்கோமாவில். தரம் 1 உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேரளவில் பத்தாண்டு கடந்தும் வாழ்கிறார்கள். தரம் 3 இல் அது பாதிக்கும் குறைவு. கை கால்களின் நீண்ட எலும்பில் தரம் 1 இல் இருப்பது அநேகமாகப் பரவுவதில்லை என்பதால், உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு அதற்கு ‘இயல்பற்ற கசியிழையக் கட்டி’ என்ற வேறு பெயரே கொடுத்திருக்கிறது. அதே தோற்றமுள்ள கட்டி இடுப்பெலும்பில் இருந்தால் பழைய புற்றுப் பெயர்தான். நுணுக்குக்காட்டியில் ஒன்றாகத் தெரிவது, இருக்கும் இடத்தால் வேறாகிறது. எக்ஸ்ரே படத்தைப் பார்க்காமல் சீவலை மட்டும் பார்த்து எந்த நல்ல நிபுணரும் முடிவு சொல்லாதது இதனால்தான்.

தரம் வேறு, நிலை வேறு

தரம் என்பது கட்டியின் குணம். நிலை என்பது அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்ற கணக்கு. வில்லியம் என்னக்கிங் என்ற அமெரிக்க வைத்தியர் 1980 இல் வகுத்த முறையில் இரண்டும் சேர்கின்றன. தாழ்ந்த தரம் நிலை 1. உயர்ந்த தரம் நிலை 2. எந்தத் தரமானாலும் வேறிடத்துக்குப் பரவியிருந்தால் நிலை 3. கட்டி தான் பிறந்த அறைக்குள்ளேயே இருந்தால் ‘ஏ’, சுவரை உடைத்து வெளியே வந்திருந்தால் ‘பி’. எலும்புப் புற்று முதலில் ஓடுவது நுரையீரலுக்கு. முழங்காலில் நோவென்று போன பிள்ளைக்கு நெஞ்சுக்கு ஸ்கேன் எடுப்பது இதற்காகத்தான், “காலுக்கு நெஞ்சுப் படம் என்னத்துக்கு?” என்று பயப்படத் தேவையில்லை.

அறிக்கையில் இன்னுமொரு இலக்கம் வரலாம். ஒஸ்டியோசார்கோமாவுக்கு முதலில் கீமோ கொடுத்து, பிறகு கட்டியை வெட்டியெடுத்து, அதில் எத்தனை வீதம் செத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு அல்லது அதற்கு மேல் செத்திருந்தால் மருந்து நன்றாகக் கேட்டிருக்கிறது. ஹூவோஸ் என்பவரின் பெயரால் இதையும் நான்கு தரமாகச் சொல்வதுண்டு. இங்கே மட்டும் பள்ளிக்கூடக் கணக்குச் சரி: தரம் கூடினால் நல்லது. ஒரே அறிக்கைக் கோப்பில் ஒரு தரம் கூடக்கூடாது, மற்றது கூட வேண்டும். எந்தத் தரத்தைப் பற்றிய பேச்சு என்று கேட்காமல் இலக்கத்தை மட்டும் பார்த்துச் சந்தோசப்படவும் கூடாது, கலங்கவும் கூடாது.

விகாரம்: மூலக்கூற்று அடையாளங்கள்

எங்கள் நாட்டு உயிரியல் பாடநூலில் கலத்தின் பரம்பரைப் பதிவில் ஏற்படும் மாற்றத்துக்கு ‘விகாரம்’ என்று பெயர். தமிழ் படித்தவர்களுக்கு இது பழைய நண்பன். நன்னூல் விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாக்குகிறது. பூவும் கொடியும் சேர்ந்து பூங்கொடி ஆகும்போது ஓர் எழுத்துத் தோன்றுகிறது. பொன்னும் குடமும் பொற்குடம் ஆகும்போது எழுத்துத் திரிகிறது. மரமும் வேரும் மரவேர் ஆகும்போது எழுத்துக் கெடுகிறது. டீ.என்.ஏ என்ற நீண்ட எழுத்துத் தொடரிலும் இம்மூன்றும் நடக்கின்றன. ஓர் எழுத்துப் புதிதாய் நுழையும், ஒன்று இன்னொன்றாகும், ஒன்று விடுபடும். எந்தக் கட்டியில் எந்த இடத்து எழுத்து மாறியிருக்கிறது என்பதே மூலக்கூற்று அடையாளம். வள்ளத்தைத் தூரத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி. கிட்டப் போய்ப் பக்கத்தில் எழுதிய பதிவிலக்கத்தைப் பார்த்தால்தான் யாருடைய வள்ளம் என்று தெரியும். அப்படித்தான் இதுவும்.

திரிதலுக்கு நல்ல உதாரணம் இராட்சதக் கலக் கட்டி. இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில், பெரும்பாலும் முழங்காலருகே எலும்பின் நுனியில் வருவது. பெரும்பாலும் பரவாது, ஆனால் எலும்பை அரித்துவிடும். இதில் பத்துக்கு ஒன்பதுக்கு மேற்பட்ட கட்டிகளில் எச்3.3 என்ற புரதத்தின் 34 ஆவது இடத்தில் கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் திரிப்டோபன் இருக்கிறது. இது 2013 இல் வெளிவந்த கண்டுபிடிப்பு. இன்று அந்த மாறிய புரதத்தை மட்டும் பிடித்துக் கபிலமாகக் காட்டும் சாயமுறையும் வந்துவிட்டது. இராட்சதக் கலங்கள் சில ஒஸ்டியோசார்கோமாக்களிலும் தெரியும். ஒன்றுக்குப் பொதுவாகச் சுரண்டியெடுப்பது போதும், மற்றதற்குக் கீமோவும் பெரிய சத்திரசிகிச்சையும் வேண்டும். ஓரெழுத்தைச் சரியாக வாசிப்பது சில வேளை ஒரு காலைக் காப்பாற்றுகிறது.

யூவிங் சார்கோமாவில் நடப்பது ஒருவகைப் புணர்ச்சி. 1921 இல் நியூயோர்க்கின் ஜேம்ஸ் யூவிங் இந்நோயை விவரித்தார். எழுபது ஆண்டுகள் கழித்து, 1992 இல், அதன் வேர் தெரிந்தது. 22 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள ஈ.டபிள்யூ.எஸ்.ஆர்.1 என்ற ஜீனும் 11 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள எஃப்.எல்.ஐ.1 என்ற ஜீனும் நடுவிலே முறிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நூற்றுக்கு எண்பத்தைந்து யூவிங் கட்டிகளில் இந்த ஒட்டு உண்டு. இரண்டு வேறு வசனங்களில் கிடந்த அரைச்சொற்கள் சேர்ந்து ‘பெருகு, பெருகு’ என்று கட்டளையிடும் ஒரு புதுச் சொல்லானது போல. யூவிங்கின் கலங்கள் சிறிய நீல உருண்டைகளாகத் தெரியும். சில இரத்தப் புற்றுகளும் அப்படித்தான் தெரியும். ஆகவே இந்த ஒட்டைத் தேடும் சோதனை அவசியமாகிறது. அந்தச் சோதனைகளில் ஒன்றுக்கு ‘ஃபிஷ்’ என்று பெயர். மீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜீனின் இரு பக்கமும் சிவப்பும் பச்சையுமாக ஒளிரும் குறிகளை ஒட்டுவார்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் ஜீன் முழுசு, பிரிந்து தெரிந்தால் முறிந்திருக்கிறது.

மூன்றாவது வகையை நாங்கள் அடுக்குத்தொடர் என்று சொல்லலாம். பரொஸ்டியல் ஒஸ்டியோசார்கோமாவில் எம்.டி.எம்.2 என்ற ஜீன் இரண்டு பிரதிகளுக்குப் பதிலாகப் பல மடங்கு பிரதிகளாகப் பெருகியிருக்கும். ‘நார் எலும்புக் கோளாறு’ எனத்தக்க ஒரு தீங்கற்ற நோய், எலும்பின் உள்ளே வளரும் தாழ்ந்த தரப் புற்றைப் போலவே தோன்றும். அந்தத் தீங்கற்ற நோயில் ஜீ.என்.ஏ.எஸ் என்ற ஜீனில் விகாரம் இருக்கும். புற்றில் எம்.டி.எம்.2 அடுக்கி இருக்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிபவை இங்கேதான் பிரிகின்றன.

ஆனால் வழமையான ஒஸ்டியோசார்கோமாவுக்கு இப்படி ஒரே அடையாளம் கிடையாது. அதன் நிறமூர்த்தங்கள் பிய்த்துப்போட்ட புத்தகம் போலக் கிடக்கும். கொண்ட்ரோசார்கோமாவில் ஏறத்தாழப் பாதியில் ஐ.டி.எச் ஜீன்களில் விகாரம் உண்டு; ஆனால் அதே விகாரம் தீங்கற்ற கசியிழையக் கட்டியிலும் இருக்கும். ஆகவே மூலக்கூற்றுச் சோதனை எல்லாவற்றுக்கும் கடைசித் தீர்ப்பு அல்ல. நோயாளியின் வயது, எக்ஸ்ரே, சீவல், அடையாளம் ஆகிய நான்கும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஒன்று முரண்பட்டால் நிபுணர்கள் திரும்பவும் பார்ப்பார்கள்.

அறிக்கை ஏன் தாமதிக்கிறது

“துண்டு எடுத்து ரெண்டு கிழமையாச்சு, இன்னும் றிப்போட் வரேல்ல” என்பது பலருடைய முறைப்பாடு. நெடுந்தீவின் பவளக்கல் மதில்களைப் பார்த்தவர்களுக்கு இதை இலகுவாக விளங்கப்படுத்தலாம். பவளக்கல்லும் எலும்பும் கல்சியத்தால் இறுகியவை. மற்ற இழையத்தைச் சீவுவதுபோல எலும்பைச் சீவ முடியாது. ஒரு கோழி எலும்பை வினாகிரியில் சில நாள் ஊறவைத்தால் அது வளையும். அதுபோல எலும்புத் துண்டிலும் கல்சியத்தைக் கரைத்த பிறகுதான் சீவ முடியும். கடும் அமிலம் விட்டால் வேலை கெதியாய் முடியும், ஆனால் டீ.என்.ஏ சிதைந்து மூலக்கூற்றுச் சோதனை செய்ய முடியாமற் போகலாம். டீ.என்.ஏயைக் காப்பாற்றும் ஈ.டி.டி.ஏ என்ற மெதுவான கரைசலுக்கு நாட்கள் கூடத் தேவை. ஆகவே சில தாமதம் அலட்சியமல்ல, கவனம்.

துண்டு எடுத்தால் பரவுமா?

“கத்தி வச்சால் பரவிப்போகும்” என்ற பேச்சு எங்கள் ஊர்களில் வேரூன்றியது. இதில் ஒரு சிறு உண்மையும் பெரிய ஆபத்தும் சேர்ந்து கிடக்கின்றன. துண்டு எடுத்த பாதையில் கட்டிக் கலங்கள் ஒட்டியிருக்கக் கூடும் என்பது உண்மை. அதனால்தான் பிறகு பெரிய சத்திரசிகிச்சை செய்யப்போகும் குழுவே, அல்லது அவர்களுடைய ஆலோசனையுடன், பயொப்சி எடுக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பாதையையும் கட்டியோடு சேர்த்து வெட்டியெடுத்துவிடுவார்கள். “பயொப்சியும் ஒப்பரேசனும் ஒரே இடத்திலா?” என்பது பெற்றோர் கேட்க வேண்டிய நியாயமான கேள்வி. ஆனால் பயந்து துண்டே எடுக்காமல் விடுவது, பெயர் தெரியாத எதிரியோடு இருட்டில் சண்டை பிடிப்பது.

முறிவு நெரிவு வைத்தியம் பார்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முறிந்த எலும்புக்கு அதற்கென்று ஒரு பாரம்பரியமும் மரியாதையும் எங்கள் பிரதேசத்தில் உண்டு. ஆனால் காரணம் தெரியாத வீக்கத்தை எண்ணெய் போட்டு உருவுவது கூடாது. பலவீனப்பட்ட எலும்பு முறியும், மாதங்களும் வீணாகும். ஓதிப் பார்ப்பதும் துஆக் கேட்பதும் மனதுக்குப் பலம். மருத்துவம் செய்துகொள்ளும்படி நபிகளார் வழிகாட்டியிருக்கும்போது ஒன்றுக்காக மற்றதை விடவேண்டிய தேவையில்லை.

பரம்பரையா? குடும்பத்தில் குற்றமா?

‘விகாரம்’, ‘பரம்பரை அலகு’ என்ற சொற்கள் வந்தவுடன் வீட்டில் வேறொரு பயம் தொடங்குகிறது. “சொந்தத்துக்குள்ள முடிச்சதால வந்ததோ? தங்கச்சிமாருக்கு நாளைக்குக் கலியாணம் பேசேலுமோ?” இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன ஒட்டும் திரிபும் அடுக்கும் அந்தக் கட்டியின் கலங்களில் மட்டும் நடந்தவை. தாய் தகப்பனிடமிருந்து வந்தவையல்ல, சகோதரங்களுக்கு இருப்பவையுமல்ல. ஒஸ்டியோசார்கோமா உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு டீ.பி.53 அல்லது ஆர்.பி.1 ஜீனின் விகாரம் பிறப்பிலேயே இருப்பதுண்டு. அது பெற்றோரில் ஒருவரிடமிருந்தே வரலாம், புதிதாகவும் தோன்றலாம். சொந்தத்தில் முடித்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை. சொந்தத் திருமணத்தால் கூடக்கூடிய மிக அரிய நோய்கள் ஒன்றிரண்டு உண்டென்றாலும் பெரும்பான்மைக்கு அது காரணமல்ல. குடும்பத்தில் இளவயதுப் புற்றுகள் பல இருந்தாலோ, குழந்தைப் பருவத்தில் கண்புற்று வந்திருந்தாலோ வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மற்றபடி, ஒரு பிள்ளையின் நோயைக் குமர்ப்பிள்ளைகளின் தலையில் சுமத்துவது அறியாமையால் செய்யும் அநியாயம்.

பந்தடித்ததால் புற்று வந்தது என்பதும் அப்படியே. அடிபட்டதால் கட்டி வருவதில்லை. அடிபட்ட பிறகுதான் ஏற்கனவே இருந்தது கண்ணில் படுகிறது.

தீவிலிருந்து போகும் வழி

1970களுக்கு முன் ஒஸ்டியோசார்கோமாவுக்குக் காலை எடுத்தாலும் ஐந்தில் நான்கு பேரளவில் இறந்தார்கள். கீமோ வந்த பிறகு, பரவுமுன் பிடிபட்டவர்களில் பத்தில் ஆறு ஏழு பேர் பிழைக்கிறார்கள். நுரையீரலுக்குப் போன பிறகு வந்தால் அது இரண்டு மூன்றாகக் குறைகிறது. பெரும்பாலானோருக்குக் காலை எடுக்கவும் தேவையில்லை. கெட்ட எலும்பை நீக்கி உலோக எலும்பு பொருத்துகிறார்கள். சென்னையில் மயில்வாகனன் நடராஜன் போன்ற வைத்தியர்கள் இத்துறையில் நெடுங்காலம் உழைத்து, உள்நாட்டிலேயே செய்த உறுப்புகளால் பல ஏழைகளின் கால்களைக் காத்தார்கள்.

வடக்கில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள், 670 கிலோமீற்றர் நடந்து சேர்த்த நிதி அதைக் கட்ட உதவியது. தெற்கிலும் வடக்கிலும் எல்லாச் சமூகத்தவரும் கொடுத்த காசு அது. மேற்கொண்டு தேவையானால் மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். எங்களுக்குள்ள பெரிய தடை தூரமும் தள்ளிப்போடுதலும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து பஸ். காற்றுக் காலத்தில் கடல் விடாது. “அடுத்த கிழமை பாப்பம்” என்பது அப்படித்தான் மாதமாகிறது.

ஆகவே நினைவில் வைக்க வேண்டியவை இவை. வளர்ச்சி நோவு பொதுவாக இரண்டு காலிலும் பின்னேரம் வரும், விடிய இருக்காது, பிள்ளை ஓடித் திரியும். ஒரே இடத்தில், ஒரே காலில், இரண்டு மூன்று கிழமைக்கு மேல் நிற்கும் நோவு, இரவில் நித்திரையைக் குழப்பும் நோவு, கூடவே வீக்கம், சின்ன விழுகையில் முறிவு: இவற்றில் ஏதும் இருந்தால் முதலில் ஓர் எக்ஸ்ரே. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அந்த நிம்மதிக்காகவேனும் எடுக்கலாம். விளையாட்டுப் பாடத்தில் நொண்டுகிற பிள்ளையை ‘கள்ளம் போடுறான்’ என்று சொல்லுமுன் ஆசிரியர்களும் ஒருக்கால் யோசிக்க வேண்டும்.

1990 க்குப் பிறகு எங்கள் குடும்பங்கள் பல யாழ்ப்பாணம் பாதி, புத்தளம் பாதியாக வாழ்கின்றன; ஒரு கிளினிக் இங்கே, அடுத்தது அங்கே. ஆகவே எக்ஸ்ரே, ஸ்கேன், நோயியல் அறிக்கை எல்லாவற்றின் பிரதியையும் ஒரே கோப்பில் வைத்துக் கையோடு கொண்டு போங்கள். சீவல்களும் மெழுகுக் கட்டையும் எந்த ஆய்வுகூடத்தில் இருக்கின்றன என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு நிபுணர் அதே துண்டையே திரும்பப் பார்க்கலாம்.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் மானிப்பாயில் இருந்துகொண்டு, எங்கள் பிள்ளைகளுக்கு மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். சொந்த மொழியில் விளங்கினால்தான் அறிவு ஊருக்குள் இறங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த முறை ஒரு வாப்பாவோ உம்மாவோ அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்துதான்: இதன் பெயர் என்ன, தரம் என்ன, நிலை என்ன, மூலக்கூற்றுச் சோதனை தேவையா, அடுத்த திகதி எப்போது? இந்த ஐந்தையும் தமிழிலேயே கேட்கலாம்.